கால்நடையான ஒரு வசைச்சொல்

சுவையற்ற எழுத்தையும் விறுவிறுப்பற்ற ஆட்டத்தையும் குறிக்க ஆங்கிலத்தில் 'டல்', 'போரிங்', 'டீடியஸ்' எனப் பெயரடைகள் பல இருக்க, சாலையில் நடந்து செல்வோரைக் குறிக்கும் 'பெடஸ்ட்ரியன்' என்னும் சொல்லும் அதே வேலையைச் செய்துவருகிறது. இதன் மூலச்சொல், 'நடந்து செல்கிற' எனப் பொருள்படும் 'பெதெஸ்தெர்' என்னும் லத்தீன் சொல். குதிரைமேல் செல்வதைக் குறித்த 'எக்வெஸ்தெர்' என்பதற்கு அது எதிர்ச்சொல். குதிரைவீரர் வகுப்பு உயர்குடிகளுள் ஒன்றாக விளங்கிய ரோமில், நடப்பவர் ஒரு படி கீழானவராகவே எண்ணப்பட்டார். உரைநடையைக் 'காலால் நடக்கும் பேச்சு' என்ற கிரேக்க வழக்கும் உடன் சேர, யாப்பின் உயரத்தை எட்டாத எளிய நடைக்கு இச்சொல் அடைமொழியாயிற்று. ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் தம் அங்கதப் பாக்களின் கலைத்தெய்வத்தைக் கால்நடையாக வருபவள் எனக் கூறிக்கொண்டதில் பணிவும் குறும்பும் கலந்திருந்தன. தமிழிலும் 'உரைநடை' என்பதற்குள் நடை உண்டு. ஆனால் அதில் இழிவு ஏதும் ஒட்டவில்லை.

ஆங்கிலத்தில் இப்பொருள்கள் தோன்றிய வரிசை தலைகீழாக அமைந்தது. சுவையற்றது என்னும் பொருள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவாகிவிட, நடப்பவர் என்னும் பொருள் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது. ஆகவே பாதசாரியைக் கண்டு சலித்தவர் எவரோ இவ்வசையைப் படைத்தார் எனக் கருதுவது பொருந்தாது. போதாக்குறைக்கு, 19ஆம் நூற்றாண்டில் 'பெடஸ்ட்ரியனிஸம்' எனப்பட்ட நடைப்போட்டி பெருங்கூட்டத்தையும் பந்தயப் பணத்தையும் ஈர்த்தது. 1809இல் கேப்டன் பார்க்லே என்னும் நடைப்போட்டியாளர், இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் மணிக்கொரு மைல் வீதம் இரவும் பகலுமாக 1000 மணி நேரத்தில் 1000 மைல் நடந்து, 1000 கினி பந்தயத்தில் வென்றார். ஏறத்தாழ ஆறு வாரம் ஒருமுறைகூட நெடுநேரம் தொடர்ந்து தூங்கவிடாத அச்செயலைச் சலிப்பூட்டுவது என எவரும் சொல்லியிருக்க முடியாது.

இன்றைய வழக்கில் இச்சொல்லின் எல்லை குறுகியது. 'டீடியஸ்' என்பது நீளத்தாலும் திரும்பத் திரும்பச் செய்வதாலும் வரும் அலுப்பு. வரிசையில் நிற்பதும் படிவம் நிரப்புவதும் அதற்குரியவை. 'பெடஸ்ட்ரியன்' என்பதோ, எழும்பிப் பறக்கும் என எதிர்பார்க்கப்பட்ட ஒன்று தரையிலேயே நின்றுவிட்டதைச் சுட்டும். நாவல், மேடைப்பேச்சு, நடிப்பு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றை இவ்வாறு குறைகூறலாம். வரிசையைக் கூற இயலாது. இதனால் இது விமர்சகரின் சொல்லாகவே பெரிதும் புழங்குகிறது. ஒரு மொழிபெயர்ப்பில் பிழை இல்லை, விடுபடல் இல்லை, வாக்கியங்களும் ஒழுங்காகவே முடிகின்றன, எனினும் மூலத்தின் துள்ளல் மட்டும் வந்துசேரவில்லை என்னும்போது இச்சொல் கச்சிதமாகப் பொருந்தும். பிழை மலிந்த மொழிபெயர்ப்புக்கு இது போதாது. விளையாட்டு எழுத்தில் மட்டும் கற்பனைக் குறைவோடு வேகக் குறைவும் சேர்ந்துகொள்கிறது.

சொல் நிற்கும் இடமும் பொருளை மாற்றும். பாலம், தெரு ஆகியவற்றுக்கு முன்னால் வந்தால் நடப்போருக்கானது என்றே கொள்ளப்படும். நடைபாலம் ஒன்றின் வடிவமைப்பு மந்தமானது எனக் குறைகூற விழையும் கட்டடக்கலை விமர்சகர், இச்சொல்லை வாக்கியத்தின் பயனிலையில் வைக்க வேண்டும். அல்லது வேறு சொல் தேட வேண்டும்.