அபராதம் யாருக்குப் போகிறது?

ஸ்டீவன் லெவிட்டும் ஸ்டீபன் டப்னரும் எழுதிய ‘ஃப்ரீக்கனாமிக்ஸ்’ 2005-ல் வெளிவந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்துவிட்டு, பார்ப்பவர்களிடமெல்லாம் அதிலிருந்து கதை சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன மாதம் மறுபடி படித்தேன். இன்னமும் சுவாரசியமான புத்தகம்தான். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே ஒரு இடத்தில் நின்றுவிட்டேன்.

இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களின் கதை அது. சாயங்காலம் 4 மணிக்குக் காப்பகம் மூடும். சில பெற்றோர்கள் தாமதமாக வருவார்கள். யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 10 காப்பகங்களை 20 வாரம் கவனித்தார்கள். ஐந்தாவது வாரத்தில் ஆறு காப்பகங்களில் மட்டும், 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கேல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, கிட்டத்தட்ட இரண்டு மடங்காகக் கூடியது. 17-வது வாரத்தில் அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைமை திரும்பவில்லை.

புத்தகம் சொல்லும் விளக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பு பெற்றோருக்குக் குற்றவுணர்ச்சி இருந்தது. அபராதம் வந்ததும் அது ஒரு விலை ஆகிவிட்டது. அதுவும் மலிவான விலை. பணத்தைக் கட்டினால் மனசாட்சிக்கும் கணக்குத் தீர்ந்தது.

எங்கள் அபார்ட்மெண்டில் இதை நானே செய்து பார்த்தேன். மொத்தம் 48 வீடு. மக்கும் குப்பை, மக்காத குப்பை எல்லாம் ஒரே பையில் வரும். வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. யாரும் கேட்கிற மாதிரி இல்லை. அசோசியேஷன் கமிட்டியில் இருந்த நான், பிரிக்காத பைக்கு 50 ரூபாய் அபராதம் போடலாம் என்றேன். ஃப்ரீக்கனாமிக்ஸ் படித்திருந்தும் சொன்னேன் என்பதுதான் வேடிக்கை.

இரண்டே மாதத்தில், அதுவரை ஓரளவு பிரித்துக்கொண்டிருந்த வீடுகளும் நிறுத்திவிட்டன. “அதான் அம்பது ரூபா கட்றோமே சார்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். புத்தகம் எவ்வளவு சரி என்று வியந்தேன். அடுத்த கூட்டத்தில் 500 ரூபாயாக ஏற்றச் சொல்லத் தயாரானேன்.

அப்போது குப்பை எடுக்க வரும் அம்மாவிடம் பேச்சு வந்தது. “அந்த அம்பது ரூபா எனக்குத்தான் வருதுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க சார்” என்றார்.

வரவில்லை. அது அசோசியேஷன் கணக்குக்குப் போனது. லிஃப்ட் ரிப்பேருக்குச் செலவானது. கலந்த குப்பையைக் கையால் பிரித்தவர் அவர்தான், அதுவும் முன்பைவிட அதிகமாக.

அன்று இரவு நீஸி-ருஸ்டிகினியின் மூலக் கட்டுரையைத் தேடி எடுத்தேன். 2000-ல் வந்தது. பெற்றோர் வரும்வரை காத்திருப்பது ஆசிரியையின் வேலையில் ஒரு பகுதிதான் என்றும், வேலைக்குச் சேரும்போதே அது சொல்லப்பட்டுவிடுகிறது என்றும் அதில் இருக்கிறது. அபராதம் மாதக் கட்டணத்தோடு சேர்ந்து காப்பகத்துக்குப் போகிறது. அதாவது, விற்கப்பட்டது ஆசிரியையின் சாயங்காலம். காசு வாங்கியது வேறு ஆள். புத்தகத்தில் ஆசிரியை கதையின் ஆரம்பத்தில் வந்துவிட்டுக் காணாமல் போகிறார். அதன் பிறகு பெற்றோர் எப்படி நடந்துகொள்கிறார்கள், அபராதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு.

என் குறை இதுதான். இந்தப் புத்தகம் வாசகரை எப்போதும் மேனேஜர் நாற்காலியில் உட்கார வைக்கிறது. ஊக்கத்தொகையைக் கூட்டு, அபராதத்தைக் குறை, மனிதர்கள் என்ன செய்கிறார்கள் பார். என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்கு அந்த நாற்காலி ரொம்பப் பிடிக்கும். ஆனால் பெற்றோரின் குற்றவுணர்ச்சி காப்பகத்தின் மீது வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே மணி பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்மணியை நினைத்து வந்திருக்க வேண்டும். அபராதம் அவரை மறைத்துவிட்டது. எங்கள் 50 ரூபாயும் அதையேதான் செய்தது.

அபராதத்தை எடுத்தோம். ஆராய்ச்சி சொன்னபடியே பழைய ஒழுங்கு திரும்பவில்லை. இப்போது வீட்டுக்கு மாதம் 40 ரூபாய் மெயின்டனன்ஸில் சேர்த்து, தரம் பிரிக்கும் வேலைக்கென்று அந்த அம்மாவுக்குத் தனிச் சம்பளம் தருகிறோம். கையுறையும் உண்டு. குப்பை இன்னமும் கலந்துதான் வருகிறது.

“நான் ஒழுங்கா பிரிச்சுத்தானே போடறேன், நான் ஏன் நாப்பது ரூபா தரணும்?” என்று மூன்றாவது மாடி மாமி கேட்கிறார். நியாயமான கேள்வி. அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தடவை கூட்டத்துக்கு அந்த அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன்.