மாடியில் ஒரு கம்பத்துத் தோட்டம்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் புளோக்குகளுக்கு இடையே இருக்கும் சமூகத் தோட்டங்களைப் பொழுது விடிந்த கையோடு போய்ப் பார்க்க வேண்டும். பாகல் கொடியில் பூக்கள் அப்போதுதான் விரிந்திருக்கும். ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். பெண் பூவின் அடியில் ஒரு குட்டிப் பாகற்காயே தெரியும். தேனீ வராத நாளில் ஆண் பூவைக் கிள்ளி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தொட்டு வைக்க வேண்டும். பிஞ்சு பிடித்ததும், பழ ஈ அண்டாதபடி அங்கே பயிரிடுவோர் காகித உறை போட்டுவிடுவார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டும் பக்குவம் அந்தக் கைகளுக்கு உண்டு.

தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டம் அக்கம்பக்கத்தார் இப்படிக் கூடிப் பயிரிடுவதைத் தீவெங்கும் பரப்பியது. உட்லண்ட்ஸில் அது மாடிக்கே ஏறிவிட்டது. 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வான கம்போங் அட்மிரல்டி இங்கேதான் இருக்கிறது. முதியோர் வீடுகள், உணவங்காடி, மருத்துவ நிலையம் எல்லாம் ஒரே இடத்தில். மேலே, குடியிருப்பாளர்கள் மண் கிளறும் தோட்டம். ‘வோஹா’ கட்டடக் கலைஞர்களின் கைவண்ணம்.

இத்தகைய தோட்டங்களில் நம் கறிவேப்பிலைக்குப் பக்கத்திலேயே மலாய்க்காரர் வீட்டுப் பாண்டானும் சீனர் வீட்டுக் கீரையும் வளரும். உரம் கலப்பதையும் கொடி கட்டுவதையும் ஒருவருக்கொருவர் சொல்லித் தருவார்கள். லிஃப்டில் தலையாட்டுவதோடு நின்ற பழக்கம், ஒரு பிடி கீரையால் உறவாகிவிடுகிறது. இந்த ஊருக்குத் தோட்டம் தரும் மிகப் பெரிய விளைச்சல் அதுதான்.