கணக்குக் காட்டாத ஆசைகள்

சிக்மண்ட் பிராய்டு என்ற பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அவர் சொன்னதையெல்லாம் வேதவாக்காகக் கொள்வோரும் உண்டு. இரண்டுமே ஆராயாமல் எடுத்த முடிவுகள். அவரிடம் கொள்வன எவை, தள்ளுவன எவை என்று சீர்தூக்கிப் பார்க்க நம் நாட்டவர் ஒருவரே வழிகாட்டியிருக்கிறார். அவர் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ்.

உளப்பகுப்பாய்வு பிறந்த இடம் வியன்னா. 1880 முதல் 1882 வரை அங்கு யோசப் புரோயர் என்னும் மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். உடலில் காரணம் தெரியவில்லை. ஆயினும் கை மரத்தது, பேச்சு தடைப்பட்டது. மறைந்து கிடந்த நினைவுகளைச் சொல்லச் சொல்ல அவளுக்கு நோய் தணிந்ததாகப் புரோயர் கண்டார். உண்மையில் அவள் அப்போது முழு நலம் பெறவில்லை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. எனினும் பாசாங்கு என்று பலர் ஒதுக்கிய துன்பத்துக்கு ஒருவர் செவிகொடுத்தார் என்பதே பெரிய செய்தி. 1895இல் புரோயரும் பிராய்டும் இணைந்து இத்தகைய நோயாளிகளைப் பற்றி நூல் வெளியிட்டனர். பின்னர் பிராய்டு அறிதுயில் முறையைக் கைவிட்டு, மனத்தில் தோன்றுவதைத் தடையின்றிப் பேசவிடும் முறையை வகுத்தார்.

அவருடைய அடிப்படைக் கருத்து இதுதான்: நாம் ஏற்க அஞ்சும் ஆசைகள் அழிவதில்லை; நனவிலி மனத்துக்குள் தள்ளப்படுகின்றன; கனவாகவும் நாப்பிழையாகவும் நோயாகவும் வேடமிட்டுத் திரும்புகின்றன. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வரத் தகுதியற்றவர் என்கிறது. உள்ளத்தின் ஆட்சியிலோ நிலைமை தலைகீழ்: கணக்குக் காட்டாத ஆசையே மறைவில் இருந்து ஆள்கிறது!

இக்கருத்துகளை ஆராய்ந்து, 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற போஸ், தம் ஆய்வு நூலைப் பிராய்டுக்கு அனுப்பினார். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. கடிதத் தொடர்போ 1937 வரை நீடித்தது. ஆனால் போஸ் வெறும் சீடராக நின்றுவிடவில்லை. ஒவ்வோர் ஆசையோடும் அதற்கு எதிரான ஆசையும் கூடவே பிறக்கிறது என்றார் அவர். அடிக்க விரும்புகிறவனுக்குள் அடிபடும் விருப்பமும் ஒளிந்திருக்கிறதாம். பிராய்டு வலியுறுத்திய சில அச்சங்கள் தம் இந்திய நோயாளிகளிடம் அவ்வளவு வலுவாகக் காணப்படவில்லை என்றும் 1929இல் துணிந்து எழுதினார். பிராய்டும் அதை எளிதில் தள்ளிவிடவில்லை. வியன்னாவின் ஒருசில இல்லங்களில் கண்டதை மனித குலம் முழுமைக்கும் பொதுவிதியாக்க முடியுமா? போஸின் கடிதம் எழுப்பும் கேள்வி இதுவே.

இதே அளவுகோலைப் பிராய்டின் சமயக் கருத்துக்கும் வைத்துப் பார்ப்போம். 1927இல் வெளியிட்ட நூலில், கடவுள் நம்பிக்கை என்பது தந்தையின் காவலை நாடும் குழந்தை மனத்தின் விருப்பக் கற்பனை என்றார். மறு ஆண்டே அவருடைய நண்பரும் சுவிட்சர்லாந்து நாட்டுப் புராட்டஸ்டாண்டு போதகருமான ஆஸ்கர் பிஸ்டர் அதற்கு மறுப்பு எழுதினார், நட்பு முறியவில்லை. ஓர் ஏக்கம் எங்கிருந்து வந்தது என்று காட்டுவதால், ஏங்கப்படும் பொருள் இல்லை என்று ஆகிவிடுமா? குழந்தை தாய்க்காக அழுகிறது என்பதால் தாய் கற்பனை ஆகிவிடுவாளா? இங்கே பிராய்டு மருத்துவரின் எல்லையைக் கடந்து தத்துவத்தில் தீர்ப்பு வழங்குகிறார். ஆயினும் அவர் எச்சரிக்கையில் பயன் உண்டு: அச்சத்தால் மட்டும் மண்டியிடும் பக்தி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1953இல் உளமருத்துவ மாநாட்டினரிடம் பேசுகையில், நோயால் எழும் குற்ற உணர்வும் உண்டு, உண்மையான குற்றமும் உண்டு என்று பிரித்துக் காட்டினார். முன்னது மருத்துவருக்கு உரியது; பின்னது மன்னிப்புக்கு உரியது. ஒப்புரவு அருட்சாதனம் சிகிச்சை அன்று. சிகிச்சையும் பாவமன்னிப்பு அன்று. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் இரண்டும் கெடும்.

நம் சிற்றூர்களில் ஒரு பெண் வாய்பேசாமல் உட்கார்ந்துவிட்டால், பேய் பிடித்தது என்றோ சோம்பல் என்றோ வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். மந்திரிப்பவரைத் தேடி ஓடுமுன் அவள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்போமா? தேவையானால் வெட்கப்படாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமா? கோட்பாடுகளில் பல காலப்போக்கில் உதிரலாம். துன்புறுவோருக்குச் செவிசாய்க்கும் கடமை மட்டும் உதிராது.