ஓரெழுத்தின் தொலைவு

திருவதிகையில் நின்று திருநாவுக்கரசரை நினைப்போர்க்கு இரு சொற்கள் தோன்றும்: சூலை, சூளை. சூலை, அவர் வயிற்றை வாட்டிய நோய். தமக்கை திலகவதியார் அளித்த திருநீற்றை அணிந்து அவர் பதிகம் பாடியதும் அது இவ்வூரில் தீர்ந்தது என்கிறது பெரியபுராணம். சூளை, பல்லவ மன்னன் அவரை ஏழு நாள் அடைத்துவைத்த நீற்றறை. ஒன்று அவரை இறைவன்பால் திருப்பியது. மற்றது அத்திருப்பத்தைச் சோதித்தது. லகர ளகரத்தை மாற்றி எழுதினால் அவர் வரலாறே மாறிவிடும்.

ஆங்கிலத்திலும் இத்தகைய இரட்டைகள் பலவுண்டு. நெய்வேலி நகரியத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நம் பிள்ளைகள் அவற்றை அட்டவணையாக மனப்பாடம் செய்கின்றனர். இலக்கண நூல்களின் இம்முறையில் நாம் காணும் குறை ஒன்றுண்டு: அவை எழுத்து வேற்றுமையைக் காட்டுகின்றன; வேரைக் காட்டுவதில்லை.

'ஸெலஸ்' என்பது பேரார்வமுடைமை; 'ஜெலஸ்' என்பது பொறாமையுடைமை. இரண்டும் 'ஸேலோஸ்' என்னும் ஒரே கிரேக்க வேரின் கிளைகள். விடுதலைப் பயண நூலில் இறைவனைக் குறிக்கும் இடத்தில் ஆங்கில விவிலியங்கள் பல 'ஜெலஸ்' என்றே பெயர்க்கின்றன. அட்டவணையை மட்டும் கற்ற மாணவன், கடவுளும் பொறாமைப்படுவாரோ என்று மருள்வான். வேரை அறிந்தவனோ, தம் மக்களைப் பிறிதொன்றுக்கு விட்டுக்கொடாத அன்பின் தீவிரத்தை அங்கே காண்பான்.

'வீனியல்', 'வீனல்' என்னும் இணையோ இதற்கு மாறானது. ஒத்த தோற்றம், வேறு வேர். முன்னது மன்னிப்பைக் குறிக்கும் 'வேனியா' என்னும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. அற்பப் பாவத்தை ஆங்கிலத்தில் அச்சொல்லால் குறிக்கிறோம். பின்னது விற்பனையைக் குறிக்கும் 'வேனும்' என்பதன் வழி வந்தது. கையூட்டுக்கு விலைபோவோரைச் சுட்டும். இடையே நிற்பது 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து ஒன்றே.

மன்னிப்பும் விற்பனையும் அருகருகே வந்துவிட்டால் விளைவது என்ன என்பதைத் திருச்சபை பட்டறிந்தது. பரிபூரணப் பலன்கள் காசுக்கு வழங்கப்பட்டதை எதிர்த்து 1517இல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய குரலைத் தொடர்ந்து மேலைத் திருச்சபையே பிளவுண்டது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களை நாம் வேண்டுவது இதுவே: ஒவ்வோர் இணைக்கும் அருகில் அதன் பிறப்பை ஒரு வரியில் எழுதிக் காட்டுங்கள். எழுத்து மாறினால் பிள்ளைகள் தேர்வில் ஒரு மதிப்பெண் இழப்பர்; அது பெரிதன்று. மன்னிப்புக்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமலே அவர்கள் வளர்ந்துவிடக் கூடாது.