வழி சொல்லும் இரண்டு பைட்டுகள்

145, 108.

இரண்டே பைட்டுகள். சி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி, 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் ஜிசிசி கம்பைலரிடம் கொடுக்கிறோம். எதையும் மேம்படுத்த வேண்டாம், பிழை தேட உதவும் குறிப்புகளை மட்டும் சேர்த்துவிடு என்கிறோம். கட்டி முடித்த கோப்பைத் திறந்து பார்த்தால் இந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்துக் கிடப்பதைப் பெரும்பாலும் காணலாம். சார்பு ஒன்றுக்குள் இருக்கும் முழு எண் மாறியை எங்கே போய்த் தேடுவது என்று பிழை தேடும் கருவியான டீபக்கருக்குச் சொல்பவை இவைதாம். இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு யோசனை அடங்கிய கைவேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த வேலையின் நயத்தை நிரல் எழுதாதவர்களும் சுவைக்கலாம் என்று நம்புகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் நிறுத்தி, "நிறை என்ற மாறியில் இப்போது என்ன இருக்கிறது?" என்று கேட்கிறோம். டீபக்கர் ஒரு நொடிகூட எடுக்காமல் பதில் சொல்கிறது. ஆனால் ஓடுகிற இயந்திரத்துக்கு நிறை என்றால் என்னவென்று தெரியாது. நாம் வைத்த பெயர்களையெல்லாம் கம்பைலர் கழற்றி வைத்துவிட்டது. மிச்சமிருப்பவை நினைவகத்தில் எண்ணற்ற பைட்டுகளும், கணிப்பானுக்குள் ஒரு கைப்பிடி ரெஜிஸ்டர்களும் மட்டுமே. பெயருக்கும் பைட்டுக்கும் நடுவே அறுந்த இழையை மறுபடி கட்டுவதற்காகவே கம்பைலர் தனியே சில குறிப்புகளை எழுதி வைக்கிறது. லினக்ஸ் உலகிலும் ஆப்பிள் உலகிலும் அந்தக் குறிப்புகளின் வடிவத்துக்கு டுவார்ஃப் என்று பெயர். ஜிடிபி, எல்எல்டிபி ஆகிய டீபக்கர்கள் படிப்பது அதைத்தான்.

மாறி இருக்கும் முகவரியையே நேராக எழுதி வைத்தால் என்ன? நிரல் முழுதும் ஒரே இடத்தில் இருக்கும் பொது மாறிகளுக்கு அப்படித்தான் எழுதுகிறார்கள். சார்புக்குள் பிறந்து சார்போடு மறையும் மாறிகளுக்கு அது செல்லாது. ஒரு தோட்டத்தின் மொத்தக் கொழுந்தைக் கூட்டும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் டிவிசன்கள், டிவிசனுக்குள் மலைகள். தோட்டக் கணக்கைப் போட, அந்தச் சார்பு டிவிசனுக்காகத் தன்னையே அழைக்கும். டிவிசன் கணக்கைப் போட, மலைக்காக இன்னொரு முறை தன்னையே அழைக்கும். மலைக் கணக்கில் நிறுத்தினால், அந்த நேரத்தில் நிறை என்ற மாறி மூன்று பிரதிகளாக உயிரோடு இருக்கிறது. மூன்றுக்கும் வெவ்வேறு முகவரிகள். நாளைக்கு மறுபடி ஓட்டினால் மூன்றும் வேறெங்கோ இருக்கலாம். நிரல் ஓடும் முன்னரே கம்பைலர் எந்த முகவரியை எழுதி வைக்கும்?

தெமோதரையில், ரயில் பாதை ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகும் எங்கள் ஊரில், தோட்டத்து வீடு தேடி வருகிறவருக்கு யாரும் தெருப் பெயரும் வீட்டு இலக்கமும் சொல்வதில்லை. வழிதான் சொல்வார்கள். "ஸ்டேஷன்ல இறங்குங்க. தோட்டத்து ரோட்டுல ஏறி பெரட்டுக்களம் வரைக்கும் வாங்க. அங்க கணக்கப்பிள்ளைகிட்ட கேட்டீங்கன்னா எந்த லயம்னு சொல்லுவாரு. அந்த லயத்துல தொங்கல் காம்பரா." இதில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொடக்கம் இருக்கிறது. அங்கிருந்து இவ்வளவு தூரம் என்ற அளவு இருக்கிறது. ஓரிடத்தில் நின்று கேட்டு, கிடைத்த பதிலைப் பிடித்துக்கொண்டு மேலே போகும் படி ஒன்றும் இருக்கிறது. குடும்பம் வேறு லயத்துக்கு மாறினாலும் இந்த வழி பொய்க்காது. கணக்கப்பிள்ளை புது லயத்தைச் சொல்வார். டுவார்ஃப் செய்வதும் இதையே. மாறி எங்கே என்ற கேள்விக்கு அது விடையை எழுதி வைக்காமல், விடைக்குப் போகும் வழியை எழுதி வைக்கிறது.

இப்போது அந்த இரண்டு பைட்டுகளைப் பிரிப்போம். 145 என்பது ஒரு கட்டளை: "சார்பின் சட்டக முகவரியை எடுத்து, அதனோடு பின்வரும் எண்ணைக் கூட்டு." சட்டகம் என்பது, சார்பின் ஒவ்வோர் அழைப்புக்கும் அடுக்கு என்ற நினைவகப் பகுதியில் கிடைக்கும் தனி இடம். பின்வரும் எண் 108. அதை எழுதிய முறையிலேயே ஒரு சிக்கனம் இருக்கிறது. ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட்டுகள் எண்ணைத் தாங்கும். எட்டாவது பிட், எண் இதோடு முடிந்ததா, அடுத்த பைட்டிலும் தொடர்கிறதா என்று சொல்லும். சிறிய எண் ஒரே பைட்டில் அடங்கிவிடும். அந்த ஏழு பிட்டுகளில் 64 முதல் மேலுள்ளவை எதிர்ம எண்கள். 128ஐக் கழித்துப் படிக்க வேண்டும். ஆக, 108 என்பது −20. சட்டக முகவரியிலிருந்து இருபது பைட் கீழே.

ஏன் இருபது? ஒரு சார்பை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் திரும்பிப் போக வேண்டிய முகவரியை இயந்திரம் அடுக்கில் வைக்கிறது: 8 பைட். அடுத்து, அழைத்தவரின் சட்டகச் சுட்டியைப் பத்திரப்படுத்துகிறது: இன்னொரு 8. அதற்கும் கீழே நமது முழு எண் மாறி: 4. எட்டும் எட்டும் நான்கும் இருபது. ஒரு சார்பு பிறந்த கதையே அந்த ஒரு பைட்டுக்குள் இருக்கிறது. மூன்று பிரதிகள் உயிரோடிருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டகம் உண்டு. சட்டகத்தை மாற்றி மாற்றி வைத்து அதே இரண்டு பைட்டுகளைப் படித்தால் மூன்று நிறைகளும் முறையே கிடைத்துவிடும். முப்பது பிரதிகள் இருந்தாலும் அந்த இரண்டே போதும்.

சட்டக முகவரியைக் கண்டுபிடிப்பதும் தனி வேலைதான். சார்பின் முதல் கட்டளையில் அது அடுக்குச் சுட்டிக்கு 8 பைட் மேலே. பழைய சுட்டியை அடுக்கில் தள்ளியதும் 16 பைட் மேலே. புதிய சட்டகச் சுட்டியை நிறுவியபின் அந்தச் சுட்டிக்கு 16 பைட் மேலே. எந்தக் கட்டளையில் எந்தக் கணக்கு என்பதற்கும் ஓர் அட்டவணை கோப்பிலேயே இருக்கிறது. கீழே எல்லாம் நகர்ந்துகொண்டிருக்க, கணக்கின் விடை மட்டும் சார்பு முடியும்வரை மாறாமல் நிற்கிறது.

வழி இன்னும் நீளலாம். 145, 88, 6, 35, 12 என்ற ஐந்து பைட்டுகளை எடுத்துக்கொள்வோம். இவற்றை நிறைவேற்ற டீபக்கருக்குள் ஒரு சின்னஞ்சிறு கணக்கு இயந்திரம் இருக்கிறது. அதற்கு உள்ளது ஓர் அடுக்கு மட்டுமே. எண்களை மேலே வைக்கும், மேலிருந்து எடுக்கும். சட்டக முகவரி 1000 என்று வைத்துக்கொள்வோம். 145, 88 என்பது 40 பைட் கீழே போகச் சொல்கிறது: அடுக்கில் 960. அடுத்த 6, அங்கே போய் எழுதியிருப்பதைப் படித்து வரச் சொல்கிறது. அங்கே 5000 இருந்தால் 960 போய் 5000 வந்து உட்காரும். கணக்கப்பிள்ளையிடம் கேட்பது இந்தப் படிதான். 35, 12 என்றால் அதனோடு 12ஐக் கூட்டு. அடுக்கின் உச்சியில் 5012. மாறி அங்கே இருக்கிறது.

எண்கள் முதலில், செயல் கடைசியில் என்ற இந்த வரிசையை மேற்கே தனியாகப் பயிற்றுவிக்க வேண்டியிருக்கிறது. 1972இல் வந்த ஹெச்பி 35 கால்குலேட்டரை வாங்கியவர்கள், கூட்டல் பொத்தானைக் கடைசியில் அழுத்தப் பழக வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிரமமில்லை. மூன்றையும் நான்கையும் கூட்டு, ஐந்தால் பெருக்கு என்று வினையைக் கடைசியில் வைத்துத்தான் நாம் பேசவே செய்கிறோம். டுவார்ஃபின் கோவைகளைத் தமிழில் வாசித்தால், மொழிபெயர்த்த சுவடே இல்லாமல் ஓடும்.

இதுவரை சொன்னது கம்பைலர் அடக்கமாக நடந்துகொள்ளும் காலம். வேகம் வேண்டும் என்று கேட்டுவிட்டால் அது எதையும் இருந்த இடத்தில் இருக்கவிடாது. ஒரு மாறி முதல் இருபது பைட் கட்டளைகளுக்கு ஒரு ரெஜிஸ்டரில், அதற்கடுத்து வேறொரு ரெஜிஸ்டரில், பிறகு நினைவகத்தில், அதற்கும் பிறகு எங்குமே இல்லை என்று அலையும். அதனால் டுவார்ஃப் ஒரு மாறிக்கு ஒரு பட்டியலையே தரும்: இந்தக் கட்டளையிலிருந்து இந்தக் கட்டளைவரை இந்த வழி, அதற்குமேல் அந்த வழி. நிரல் எந்தக் கட்டளையில் நிற்கிறது என்று பார்த்து, அந்த நேரத்துக்குரிய வழியை டீபக்கர் எடுத்துக்கொள்கிறது.

ரசிகனுக்கு விருந்து இங்கேதான். இரண்டு பகுதிகள் கொண்ட ஒரு கட்டமைப்பை கம்பைலர் பிளந்து, ஒரு பாதியை ஒரு ரெஜிஸ்டரிலும் மறு பாதியை இன்னொன்றிலும் வைத்திருக்கும். முதல் 8 பைட் இங்கே, அடுத்த 8 பைட் அங்கே என்று டுவார்ஃப் சொல்ல, டீபக்கர் துண்டுகளைச் சேர்த்து முழுதாக நம் முன் வைக்கிறது. இன்னோரிடத்தில், 0, 1, 2 என்று எண்ணிக்கொண்டு போன சுழல் மாறியை கம்பைலர் அடியோடு நீக்கிவிட்டு, முழு எண் அணியின் மேல் நகரும் சுட்டியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும். அந்த எண் கணினியில் எங்குமே இல்லை. ஆனாலும் சுட்டியிலிருந்து அணியின் தொடக்கத்தைக் கழித்து நான்கால் வகுத்தால் அது திரும்பக் கிடைக்கும். அந்தக் கணக்கை எழுதி, "கிடைப்பது முகவரி அல்ல, மதிப்பே இதுதான்" என்று முடிக்கும் ஒரு செயலை 2010இல் வந்த நான்காம் பதிப்பு சேர்த்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, நுழைவு மதிப்பைக் கேட்கும் செயல். ஒரு சார்புக்கு வந்த உள்ளீடு ரெஜிஸ்டரில் வந்தது. அந்த ரெஜிஸ்டரில் இப்போது வேறேதோ ஏறிவிட்டது. அப்போது டுவார்ஃப் சொல்லும் வழி: சார்புக்குள் நுழைந்த கணத்தில் அந்த ரெஜிஸ்டரில் என்ன இருந்தது என்று அழைத்தவரிடம் கேள். டீபக்கர் ஒரு சட்டகம் மேலே ஏறி, அழைப்பு நடந்த இடத்துக் குறிப்பைத் தேடும். இங்கிருந்து அனுப்பியது 7 என்ற மாறிலி என்றோ, இன்னும் அழியாத வேறொரு ரெஜிஸ்டரின் மதிப்பு என்றோ அங்கே எழுதியிருந்தால், தொலைந்த எண் மீண்டுவிடும். ஜிசிசி இதைத் தன் சொந்த நீட்சியாகத் தொடங்கியது. 2017இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் அது நியமமாகவே ஆனது.

எந்த வழியும் இல்லாவிட்டால்? ஜிடிபி அப்போது, மேம்படுத்தலில் மறைந்துவிட்டது என்று ஒற்றை வரியில் சொல்லிவிடும். நிரலாளர்கள் அந்த வரியைக் கண்டு எரிச்சலடைவது வழக்கம். எனக்கு அதன்மேல் மதிப்புதான். அந்த ரெஜிஸ்டரில் ஏதோ ஓர் எண் கிடக்கத்தான் செய்கிறது. அதைப் படித்துக் காட்டியிருக்கலாம். பொய்யான எண்ணை நம்பி ஒருவர் ஓர் இரவு முழுதும் தவறான இடத்தில் பிழை தேடுவதைவிட, தெரியாது என்ற சொல் பல மடங்கு மேல். மேம்படுத்திய நிரலிலும் மாறிகளின் தடத்தை விடாமல் பிடிக்க அலெக்சாந்த்ரே ஒலிவா ஜிசிசிக்குள் செய்த வேலை 2010இல் 4.5ஆம் பதிப்போடு வெளிவந்தது. நிறைய மாறிகளை அது மீட்டுக் கொடுத்தது. கிடைக்காததைக் கிடைக்காதது என்று சரியாகச் சொல்ல வைத்ததும் அந்த வேலையின் பெருமை.

1980களில் பெல் ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸ் சிஸ்டம் 5க்காகத் தொடங்கியது டுவார்ஃப். அதற்கு முன்பு பரவலாக இருந்த ஸ்டாப்ஸ் முறையில், மாறி எந்த வகை இடத்தில் இருக்கிறது என்பதற்கு ஓர் எழுத்து அல்லது குறியீடு, அதனோடு ஓர் எண், அவ்வளவுதான். புதுவகை இடம் ஒன்று வந்தால் புதுக்குறியீடு ஒன்று வேண்டும். டுவார்ஃபை ஆக்கியவர்கள் இடங்களை வகைப்படுத்துவதை விட்டுவிட்டு, வழியைச் சொல்ல ஒரு குட்டி மொழியைக் கொடுத்தார்கள். 1993இன் இரண்டாம் பதிப்பு அந்த மொழியைச் செழிப்பாக்கியது. அன்று யாரும் காணாத கணிப்பான்களுக்கும், அன்று பிறக்காத ரஸ்ட், ஸ்விஃப்ட் மொழிகளுக்கும் இன்று அதே மொழி வழி சொல்கிறது. அந்தக் குட்டி மொழியில் நிபந்தனையும் உண்டு, தாவலும் உண்டு. டார்ட்மத் கல்லூரியின் ஜேம்ஸ் ஓக்லியும் செர்கே பிராட்டஸும் 2011இல், விதிவிலக்குகளைக் கையாளும் டுவார்ஃப் குறிப்புகளைக் கொண்டே முழு நிரலை ஓட்ட முடியும் என்று செய்து காட்டினார்கள். அத்தனை வலுவையும் உள்ளே வைத்துக்கொண்டு, அன்றாட வேலையை இரண்டு பைட்டில் முடித்துவிடுகிறது என்பதில்தான் அதன் அழகு தெரிகிறது.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ கணினி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். டீபக்கரில் மதிப்பைப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். ரீட்எல்ஃப் என்ற கருவியால் உங்கள் சொந்த நிரலைத் திறந்து, ஒரே ஒரு மாறியின் வழியை எழுத்துக்கூட்டி வாசித்துப் பாருங்கள். தாளில் அடுக்கை வரைந்து, கையாலேயே கணக்குப் போட்டு, டீபக்கர் சொன்ன முகவரி வருகிறதா என்று சரிபாருங்கள். அதே நிரலை மேம்படுத்தக் கேட்டு மறுபடி கட்டினால், ஒரு வரி இருந்த இடத்தில் ஒரு பட்டியலே வளர்ந்திருக்கும். தான் கலைத்துப்போட்ட ஒவ்வொன்றுக்கும், பின்னால் தேடி வரப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காக கம்பைலர் வழி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கட்டுகிறவர், பிழை பார்க்க வருகிறவருக்குச் செய்யும் இந்தக் கடமையை டுவார்ஃப் அளவுக்கு நேர்மையாகச் செய்த வேலை கணினி உலகில் குறைவு. நாம் எழுதும் நிரல்களுக்கும் அந்த அளவுகோலையே வைக்கலாம்.