அண்ணன் பாட்டு

வருஷநாடு பஸ்ஸுக்காக மயிலாடும்பாறையில் ஒரு டீக்கடையில் காத்திருந்தேன். ரேடியோவில் இளையராஜா. பக்கத்து பெஞ்சுப் பெரியவர் சட்டென்று, ‘‘இது தம்பி பாட்டு. அண்ணன் பாட்டு கேட்ருக்கீங்களா சார்?’’ என்றார்.

அண்ணன் என்றால் பாவலர் வரதராஜன். மலைக்கு மேற்கே, பண்ணைப்புரத்துக்காரர். கம்யூனிஸ்ட். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக, மூணாறு எஸ்டேட் தமிழர்களிடம் ஆர்மோனியத்தோடு போய்ப் பாடினார். அந்த அம்மாள் ஜெயித்தார். பிறகு தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங் சேர்ந்து ‘பாவலர் பிரதர்ஸ்’ ஆனார்கள். குரல் உடையும்வரை ராசையாவுக்குப் பெண் குரல் வேலை.

ஏறக்குறைய அதே காலத்தில் லண்டனில் ரே, டேவ் என்று இரண்டு சகோதரர்கள் ‘கிங்க்ஸ்’ குழுவில் வாசித்தார்கள். பின்னால் ‘பவர் பாப்’ என்று பெயர் வாங்கிய இசைக்கு முன்னோடிகள். ஸ்பீக்கரை பிளேடால் கிழித்து டேவ் உண்டாக்கிய கரகரப்பு 1964-ல் ரிக்கார்டானது, இன்றும் கேட்கலாம். (நம்மூர் மைக்செட்டுகள் பிளேடு இல்லாமலே அதைச் சாதிக்கும்.) பாவலர் பிரதர்ஸ் தட்டு? நான் தேடியவரை ஒன்றும் அகப்படவில்லை.

தட்டு மட்டும் காரணமில்லை என்று தோன்றுகிறது. பிரபலமான சினிமா மெட்டை எடுத்துத் தன் வார்த்தைகளை ஏற்றுவது பாவலரின் பாணி. லேசான வேலை இல்லை. கூட்டத்துக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும். அசல் வரி காதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விலைவாசியையும் காங்கிரஸையும் அதன்மேல் உட்காரவைத்துச் சிரிக்கவைக்க வேண்டும். ஒரு அசை நீண்டாலும் போச்சு. ஆனால் சினிமாப் பாட்டு மறந்துபோனால் இதுவும் கூடவே போய்விடும். வெறும் காகிதத்தில் படித்தால் துண்டுப் பிரசுரம் மாதிரி இருக்கும். அப்படிப் படித்துவிட்டு ‘பிரசாரம்தானே’ என்று ஒதுக்குவது அநியாயம்.

1968-ல் தம்பிகள் சென்னைக்குப் போனார்கள். 1973-ல் பாவலர் இறந்தார். ‘அன்னக்கிளி’ 1976. மூன்று வருஷம்! ராஜாவின் இசை மொத்தமும் அண்ணன் தந்தது என்று சொல்லமாட்டேன். தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற மேற்கத்திய இசைக்கு அந்த மேடைகளில் இடமில்லை. ஆனால் கொட்டாவி விடும் கூட்டத்தை முதல் நாலு வினாடியில் நிமிர்த்தி உட்காரவைக்க எந்த மாஸ்டரும் சொல்லித்தர முடியாது. அதைத் திருவிழாத் திடலில்தான் கற்க வேண்டும். ராஜா பாட்டின் ஆரம்பங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திடல் ஞாபகம்தான்.

‘‘அண்ணன் பாட்டு ஒண்ணு பாடுங்களேன்’’ என்றேன்.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தொடையில் தாளம் போட்டு இரண்டு வரி பாடினார். மூன்றாவது வரியில் சினிமாப் பாட்டு வந்து கலந்துவிட்டது. நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடத்தில் சினிமா.

பஸ் வந்துவிட்டது.