தம்புராவின் சகவாசம்

பாடத் தெரியாதவன் வீட்டில் தம்புரா எதற்கு என்று கேட்பவர்கள், விடியற்காலையில் அதை மீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் சுகத்தை அறியாதவர்கள். பஞ்சமம், இரண்டு சாரணி, மந்தர ஷட்ஜம் என்று நான்கே தந்திகள். தஞ்சாவூரில் பலாமரத்தைக் குடைந்து செய்த குடம். அவ்வளவுதான் அதன் ஐசுவரியம். ஆனால், தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஜீவா என்கிற நூலைச் செருகி, இம்மியளவு முன்னும் பின்னும் நகர்த்தி, நாதம் சட்டென்று மலர்கிற அந்த ஸ்தானத்தைக் கண்டுபிடித்துவிட்டால், யாருமே மீட்டாத அந்தர காந்தாரம் மந்தரத் தந்தியிலிருந்து தானாகவே எழுந்து அறை முழுவதும் வியாபிக்கிறது. அந்த ஆனந்தத்தைப் பெரிய கச்சேரிகளில்கூட நான் அனுபவித்ததில்லை (வித்துவான்கள் க்ஷமிப்பார்களாக). மின்சாரச் சுருதிப்பெட்டி சௌகரியமானதுதான். எனினும், மழைக்காலத்து ஈரத்தில் சுருதி கலைந்து, பிருடையைத் திருகவைத்து, காபி ஆறும்வரை காதைத் தீட்டவைக்கிற உபகாரத்தை அது செய்வதில்லை.